மாப்பிள்ளையை எரித்த வீடு

முதலில் விழுந்தது திருகாணி.

என் மகள் மீனாவுக்குக் காது குத்திய நாளிலிருந்து தோட்டுத் திருகாணி மாட்டிவிடுவது என் கணவர் முருகேசன்தான். படித்து முடித்து வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் அவள் காதைக் காட்டிக்கொண்டு அவர் முன்னால் வந்து நிற்பாள். தங்க வேலை செய்கிற விரல். பார்க்காமலே முடுக்கிவிடும். அன்றைக்குத் திருகாணி கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் விழுந்தது. தோட்டை அவள் கையில் திணித்துவிட்டு, "நீயே மாட்டிக்கோ. எரும மாதிரி வளந்துட்டு" என்று கத்தினார். மகளிடம் அவர் அதுவரை கத்தியதே இல்லை.

கை நடுக்கம்தான் முக்கிய அறிகுறி என்று டாக்டர்கள் எழுதினார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கத்தலைத்தான் முதலில் எழுதுவேன்.

பட்டறை வைத்திருக்கிறவர்களுக்கும் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் இதை எழுதுகிறேன். நயமாக எழுத எனக்கு வராது. பத்தாம் வகுப்போடு சரி. கோபம் மட்டும் நிறைய இருக்கிறது. அதைக் கழித்துவிட்டு எழுதும்மா என்றாள் மீனா. கழித்துப் பார்த்தேன். இவ்வளவுதான் கழிந்தது.

எங்கள் வீடு கோவில்பட்டியில் ஊர் முடிகிற இடத்தில் இருக்கிறது. பின்கதவைத் திறந்தால் பருத்திக் காடு. முன்னறை பட்டறை. என் அப்பா காலத்திலிருந்து நகை வேலையோடு இன்னொரு வேலையும் செய்துவந்தோம். மண் கழுவுவது. நகையை அராவும்போதும் தேய்க்கும்போதும் தங்கத்தூள் தரையில் உதிரும். பட்டறைக் குப்பையை, உட்கார்ந்த பாயை, கை கழுவிய தண்ணீரின் அடிமண்டியைக்கூட யாரும் வெளியே கொட்டமாட்டார்கள். அதையெல்லாம் வாங்கி எரித்து, இடித்து, சலித்து, தட்டில் போட்டுக் கழுவினால் கடைசியில் கனமான கறுப்பு மண் கொஞ்சம் மிஞ்சும். தங்கம் அதற்குள் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. விரலால் பொறுக்க முடியாது.

பொறுக்கிக் கொடுக்க ஒருவன் இருந்தான். உள்ளங்கையில் ஊற்றினால் குளிர்ச்சியாக, கனமாக, ஓடிக்கொண்டே இருப்பான். உருக்கிய வெள்ளி உறைய மறந்துபோனது மாதிரி இருப்பான். மண்ணில் அவனை ஊற்றி, தண்ணீர் விட்டு உரலில் அரைத்தால், சிதறிக் கிடக்கும் தங்கத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு உருண்டு வருவான். துணியில் வைத்துப் பிழிந்தால் அதிகப்படியானது சொட்டிவிடும். துணிக்குள் வெண்ணெய் மாதிரி ஓர் உருண்டை நிற்கும். அதை மூசையில் (உலோகம் உருக்கும் மண் கிண்ணம்) வைத்துச் சூடேற்றினால் அவன் ஆவியாகப் போய்விடுவான். தங்கம் பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக அடியில் தங்கும்.

என் அப்பா அவனுக்கு வைத்த பேர் மாப்பிள்ளை.

"தங்கத்தக் கண்டா விடமாட்டான். ஒரு இடத்துல நிக்க மாட்டான். சூடேறுச்சுன்னா சொல்லாமக் கொள்ளாமக் கிளம்பிருவான். வேற என்ன பேரு வைக்க?" என்பார். பட்டறையில் எல்லோருக்கும் அதுவே பேராகிவிட்டது. மாப்பிள்ளையை எடு, மாப்பிள்ளை சிந்திவிட்டான், மாப்பிள்ளையை எரித்தாயிற்றா. ஓட்டப்பிடாரத்திலிருந்து என்னைக் கட்டிக்கொண்டு எங்கள் பட்டறைக்கே வேலைக்கு வந்தவர் என் கணவர். அப்பா உள்ளேயிருந்து "மாப்பிள்ள" என்று குரல் கொடுத்தால் இவர் கேட்பார்: "எந்த மாப்பிள்ளயக் கூப்பிடுதீங்க மாமா? பாட்டில்ல இருக்கவரையா, பாயில இருக்கவனையா?"

"வேல செய்யுத மாப்பிள்ளயக் கேக்கேன். பாட்டில எடுங்க."

இருபது தடவை கேட்ட பேச்சுதான். ஆனாலும் சிரிப்போம். அந்தப் பேர்தான் பின்னால் எங்களுக்குக் குழி பறித்தது.

மூசையைப் பின்பக்கம் தகரக் கூரைக்குக் கீழே வைத்துத்தான் சூடேற்றுவோம். ஆடி மாதம் அது முடியாது. கரிசல் காட்டுப் புழுதியை வாரிக்கொண்டு காற்று நேராக மூசைக்குள் கொட்டும். அதனால் ஆடியில் மட்டும் உள்ளறை. ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் சாக்கைத் திணித்துவிட்டு வேலை நடக்கும். தங்கத்தில் தூசி விழக்கூடாது. அந்த ஒன்றில் மட்டும் ரொம்பக் கவனமாக இருந்தோம்.

அந்த வருஷ ஆடியில் கழுவ வந்த பட்டறை மண் அதிகம். ஒரு நாள் முழுக்க அவர் உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. அடுத்த நாள் காய்ச்சல், இருமல், நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி அழுத்தம். பக்கத்து கிளினிக்கில் வைரஸ் காய்ச்சல் என்றார்கள். காய்ச்சல் போனது. மற்றதெல்லாம் அதன் பிறகு வந்தது.

ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. தூங்கும்போது எச்சில் ஒழுகித் தலையணை நனைந்தது. எதைத் தின்றாலும் செம்புக் காசைச் சப்புகிற ருசி என்றார். பிறகு தூக்கமே போனது. திருகாணி விழுந்தது அப்போதுதான். டீ கிளாஸைத் தூக்கினால் பாதி சட்டையில்.

நடுக்கத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆள் மாறிப்போனதைத்தான் தாங்க முடியவில்லை. பஜாரில் இறங்கினால் பத்துப் பேரிடம் பேசாமல் வீடு திரும்பாதவர், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே கொல்லைக்குப் போய் ஒளிந்தார். மண் கொடுக்கிற கடைக்கார அண்ணாச்சி ஒருவர் வந்தபோது குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். "அவிய வெளியூர் போயிருக்காவ அண்ணாச்சி" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே அவர் தும்மினார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "வெளியூர்ல இருந்து தும்முதாரு போல" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சிரிக்கவில்லை. உள்ளே அவர் அழுதுகொண்டிருந்தார்.

கிளினிக் டாக்டர் கேட்டார்: "எவ்வளவு குடிப்பாரு?"

"டீ மட்டுந்தான் குடிப்பாவ."

"எல்லாப் பொம்பளைங்களும் இதத்தான் சொல்லுதீங்க."

இடைசெவலில் இருந்து அவருடைய அக்கா வந்தார். அவரும் அதையே கேட்டார். "குடிக்கானாட்டி?"

"இல்ல மதினி."

"அப்ப எவளோ செய்வினை வச்சிருக்கா." இடுப்பில் ஒரு கறுப்புக் கயிறு கட்டிவிட்டுப் போனார். இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவர் ஃபீஸ் வாங்கினார், ஒருவர் வாங்கவில்லை.

திருநெல்வேலியில் மனநல டாக்டர் ஒருவரிடம் போனோம். என் கணவரை மட்டும் உள்ளே வைத்துப் பேசினார். என்னைக் கூப்பிட்டு, மனசு சம்பந்தப்பட்டது, மாத்திரையை நிறுத்தக்கூடாது என்றார். மாத்திரை தின்று பகல் முழுக்கக் கிடந்தார். கை ஆடிக்கொண்டே கிடந்தது.

இதற்கு நடுவில் ஒரு ஜோடித் தோடு. மீனா கல்யாணத்துக்கென்று தன் கையாலேயே ஏழு கல் தோடு செய்துகொண்டிருந்தார். ஒன்று முடிந்துவிட்டது. இன்னொன்றில் நான்கு கல் பதித்திருந்தார். மீதி மூன்று. கொஞ்சம் தெளிவாக இருக்கிற பொழுதில் பலகை முன்னால் போய் உட்காருவார். சாமணத்தால் (இடுக்கி) கல்லை எடுப்பார். கல் எங்கேயோ தெறிக்கும். மீனா தரையில் தவழ்ந்து தேடி எடுத்து வைப்பாள். "அவசரமில்லப்பா. கல்யாணமா நிச்சயமாயிருக்கு?" என்பாள். அவருக்கு அவசரம். அந்தத் தோட்டை முடித்துவிட்டால் தான் பழைய ஆள் என்று அவர் நினைத்தார். எங்களுக்கும் அப்படித்தான்.

மதுரையில் நரம்பு டாக்டர், பெண். ஒரு காகிதத்தைக் கொடுத்து, நடுவில் தொடங்கிச் சுருளாக வரையச் சொன்னார். இவர் வரைந்தது அரத்தின் பல் மாதிரி இருந்தது. டாக்டர் என்னைக் கேட்டார்.

"என்ன வேல செய்றாரு?"

"தங்க வேலம்மா."

"வீட்டுல ஈயம், பாதரசம் எதுவும் புழங்குதா?"

"இல்ல."

"நல்லா யோசிங்க. பாதரசம்?"

"இல்லம்மா."

நான் பொய் சொல்லவில்லை. பாதரசம் என்றால் எனக்குப் பள்ளிக்கூடம். தெர்மாமீட்டருக்குள் இருக்கிற கோடு. அறிவியல் பாடத்தில் ஒரு மதிப்பெண் கேள்வி. எங்கள் வீட்டில் அது இல்லை.

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மெதுவாகச் சொன்னார். "மாப்பிள்ளய எரிக்கும்போது கதவச் சாத்துனது தப்பு."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். முகம் மாறிவிட்டது. "உங்க மாப்பிள்ளைக்கு என்ன ஆச்சு?" என்று என்னைக் கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. "எங்களுக்கு மாப்பிள்ளையே இன்னும் வரலம்மா. பொண்ணுக்குக் கல்யாணம் ஆகல. அது பட்டறையில ஒரு சாமான். மண்ணுலருந்து தங்கத்த எடுக்கதுக்கு."

"எப்படி இருக்கும்?"

"வெள்ளியாட்டம் இருக்கும். தண்ணியாட்டம் ஓடும்."

அவர் பேனாவை மறுபடி எடுத்தார். நான் சொன்னதை நானே அப்போதுதான் கேட்டேன். சிரிப்பு அப்படியே நின்றது.

"கடையில என்னன்னு கேட்டு வாங்குவீங்க?"

"ரசம்னு."

"பாதரசம்" என்றார் டாக்டர். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அறையை விட்டு வெளியே வந்ததும் என் கணவர் என்னிடம் சொன்னார்: "திருநெல்வேலியிலயும் இதத்தான் சொன்னேன். மாப்பிள்ளய எரிச்சிட்டேன், அவன் என் மூச்சுக்குள்ள வந்துட்டான்னு சொன்னேன். மாத்திர எழுதிக் குடுத்துட்டாரு." அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பைத்தியம் இல்லை. வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இனி டாக்டர் சொன்னதையும் மீனா தேடிப் படித்துச் சொன்னதையும் எழுதுகிறேன். எங்களுக்கு யாரும் சொல்லாதது.

பாதரசம் சாதாரணச் சூட்டிலேயே தண்ணீர் மாதிரி இருக்கும் உலோகம். தண்ணீரைவிடப் பதின்மூன்று மடங்குக்கு மேல் கனம். இரும்பு ஆணியைப் போட்டால் மிதக்கும். விழுங்கிவிட்டால் பெரும்பாலும் மலத்தோடு வெளியே போய்விடும், அதிகம் உடம்பில் சேராது. மூச்சில் போனால்தான் வினை. நுரையீரலில் இருந்து ரத்தத்துக்கும், அங்கிருந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போய்ச் சேரும். அடுப்பில் வைக்க வேண்டும் என்பதுகூட இல்லை. சும்மா தரையில் கிடந்தாலே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டிருக்கும். அந்த ஆவிக்கு நிறம் இல்லை, வாடை இல்லை. நாங்கள் பாட்டிலைக் குழந்தை கைக்கு எட்டாமல் உயரத்தில் வைத்தோம், குடித்துவிடக் கூடாதென்று. பிறகு அதே அறையில் கதவைச் சாத்தி எரித்தோம்.

உலகம் முழுக்க இதை வைத்துப் பிழைத்திருக்கிறார்கள். முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் பூசியிருக்கிறார்கள். செம்பில் தங்கமுலாம் ஏற்ற இதில் தங்கத்தைக் கரைத்துப் பூசிச் சூடு காட்டியிருக்கிறார்கள். காய்ச்சல் பார்க்கிற கருவி, ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி, டியூப் லைட் எல்லாவற்றிலும் இருந்திருக்கிறது. வெளிநாடுகளில் ஒரு காலத்தில் தொப்பி செய்கிறவர்கள் ரோமத்தைப் பதப்படுத்த இதன் உப்பைப் பயன்படுத்தினார்களாம். அவர்களுக்கும் கை நடுங்கியதாம். ஆளைக் கண்டால் கூச்சம், காரணமில்லாத கோபம், அழுகை. மீனா அதைப் படித்துக் காட்டியபோது அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "அவங்களும் ஒளிஞ்சாங்களாமா?" என்று கேட்டார். ஆமாம்ப்பா என்றாள். "அப்ப நான் மட்டும் இல்ல" என்றார். அந்தப் படிப்பினால் எங்களுக்கு வந்த ஒரே ஆறுதல் அது.

ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைக் கேனில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அளவு மிக அதிகம். உலோகத்தைப் பிடித்துச் சிறுநீரோடு வெளியேற்றும் மாத்திரை (கொடுக்கி மருந்து என்று சொல்லலாம், நண்டு கொடுக்கால் பிடிக்கிற மாதிரி பிடிக்கும் என்றார் டாக்டர்) சுற்றுச் சுற்றாகக் கொடுத்தார்கள். அழுகிய முட்டை வாடை அடிக்கும். அவர் வியர்வையிலும் அதே வாடை. சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இதைப் படிக்கிறவர்கள் டாக்டர் இல்லாமல் அந்த மருந்தைத் தேடி வாங்கித் தின்னாதீர்கள். அதுவும் சிறுநீரகத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து.

என்னையும் சோதிக்கச் சொன்னார் டாக்டர். எனக்கா, நான் எரிக்கவில்லையே என்றேன். "நீங்க என்ன செய்வீங்க?" என்றார். மண் கழுவுவேன், உரலில் அரைப்பேன், துணியில் பிழிவேன், அந்தத் துணியைத் துவைப்பேன், உள்ளறையைக் கூட்டுவேன் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே நீளமாக இருந்தது. என் உடம்பிலும் இருந்தது. அவரைவிடக் குறைவு. இத்தனை வருஷத்தில் அந்த வேலையை நான் செய்கிறேன் என்று யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

மீனாவுக்குப் பிறகு எனக்கு இரண்டு முறை கரு கலைந்தது. இதனால்தானா என்று கேட்டேன். இருக்கலாம், இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். என் அப்பா கடைசிக் காலத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருப்பார். கஞ்சிக் கிண்ணம் கையில் நிற்காது. வயசு என்றோம். அதையும் இப்போது சொல்ல முடியாது. முடிந்துபோனது என்று நான் வைத்திருந்த வருஷங்களெல்லாம் எழுந்து வந்து என்னிடம் காரணம் கேட்கின்றன. நோய் இனி வரப்போகிற நாட்களைத்தான் எடுத்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அந்த வீட்டுக்குப் போகக்கூடாது என்றார்கள். கரிசலில் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். மழையில் மண் உப்பும், வெயிலில் வெடிக்கும், தரையும் சேர்ந்து வெடிக்கும். உள்ளறைத் தரை முழுக்க விரிசல். நானும் மீனாவும் மூக்கைக் கட்டிக்கொண்டு போய், டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்துப் பார்த்தோம். ஒவ்வொரு விரிசலுக்குள்ளும் மணி மணியாக மின்னியது. எங்கள் அப்பா காலத்து மாப்பிள்ளையும் அதில் இருந்திருப்பான். விளக்குமாறால் கூட்டக்கூடாது, இன்னும் பொடியாகி அதிகம் ஆவியாகும். காகிதத்தால் ஒதுக்கி, சொட்டுமருந்துக் குழாயால் உறிஞ்சித் தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் சேர்த்தோம். தரையைப் பெயர்த்தோம். அடியில் கரிசல். அதிலும் விரிசல். அது எவ்வளவு ஆழம் போகும் என்று யாருக்குத் தெரியும்.

வீட்டைப் பூட்டிவிட்டோம். சொல்லி விற்றால் வாங்க ஆள் இல்லை. சொல்லாமல் விற்க மனசு இல்லை. இன்னொரு தெருவில் வாடகைக்கு இருக்கிறோம். கோடை வந்தால் எனக்குப் பூட்டிய வீடுதான் நினைப்பு. இப்போது தரை வெடித்திருக்கும், இப்போது அவன் வெளியே வந்துகொண்டிருப்பான், யாரும் இல்லாத அறையில்.

எரித்தே ஆகவேண்டும் என்கிறவர்களுக்கு ஆவியைப் பிடித்துக் குளிரவைத்துத் திரும்ப எடுக்கிற மூடிய பாத்திரம் இருக்கிறதாம். எங்களுக்கு ரசம் விற்றவன், பழைய மருந்து பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தவன், அதைச் சொல்லவில்லை. பேரே எழுதாத பாட்டில். அவனை ஒருநாள் பஜாரில் பார்த்தேன். கேட்டேன். "நீங்க காலங்காலமா செய்யுதவியதானக்கா, ஒங்களுக்குத் தெரியாததா?" என்றான். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. எரிக்காமல் இருப்பதுதான் நல்லது. உங்கள் வீட்டில் அதற்கு என்ன செல்லப் பேர் வைத்திருந்தாலும், டாக்டரிடம் போகும்போது செல்லப் பேரை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடப் பேரைச் சொல்லுங்கள்.

அவர் தேறினார். தூக்கம் வந்தது. ஈறு ஆறியது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் இப்போது எழுந்து ஓடுவதில்லை, தலையைக் குனிந்துகொள்கிறார். டீயை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறார். சுருள் வரைந்தால் ஓரளவு சுருளாக வருகிறது. டாக்டர் சந்தோஷப்பட்டார். "வேற என்ன செய்யணும்னு ஆசைப்படுறீங்க?" என்று கேட்டார். மூணு கல் பாக்கியிருக்கு என்றார் இவர். டாக்டர் அவர் கையைப் பிடித்துப் பார்த்தார். அதுதான் பதில்.

இரண்டாவது தோடு முடியவில்லை. இனி முடியாது. வேறு ஆளிடம் கொடுத்துக் கல் பதிக்கலாம் என்றேன். மீனா கூடாது என்றுவிட்டாள்.

ஆவணியில் அவளைப் பெண் கேட்டு வந்தார்கள். சாத்தூர்க்காரர்கள். காலையில் அவள் காதில் கடையில் வாங்கிய தோட்டை வைத்து நான் திருகாணி முடுக்கினேன். அவர் எதிரே உட்கார்ந்து, வலது கையை இடது கையால் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "மரை ஏறிருச்சா?" என்று மட்டும் கேட்டார்.

ஆடிக் காற்று இன்னும் ஓயவில்லை என்பதால் ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. மதினி வாசலில் நின்றுகொண்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏட்டி, மாப்பிள்ள வந்துட்டாரு."

என் கணவர் எழுந்தார். யாரையும் வரவேற்கப் போகவில்லை. முதல் ஜன்னலைத் திறந்தார். அடுத்ததைத் திறந்தார். சமையல்கட்டுக்குப் போய் அங்கிருந்த சின்ன ஜன்னலையும் பின்கதவையும் திறந்தார். காற்று வீட்டுக்குள் புகுந்து ஒரு சுற்றுச் சுற்றியது. வந்த பெண்கள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்கள். லட்டுத் தட்டில் புழுதி இறங்கியது.

"என்னடே செய்யுத? பலகாரத்துல மண்ணு விழுது, சாத்து" என்றார் மதினி.

"சாத்த வேண்டாம் அத்த" என்றாள் மீனா. "இருக்கட்டும்."

மாப்பிள்ளைப் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவன் ஒரு லட்டை எடுத்துத் தின்றான். அப்புறம் எல்லோரும் எடுத்தார்கள். அவரும் இரண்டு கையாலும் ஒன்றை எடுத்தார். நானும் ஒன்று எடுத்துக் கடித்தேன். பல்லில் நறநறத்தது. எதைத் தின்றாலும் அந்தச் செம்புக் காசு இருக்கிறதா என்று நாக்கால் துழாவுவது எனக்கு இப்போது பழக்கம். அன்றும் துழாவினேன். இனிப்பு, அதற்குள் கரிசல் புழுதி. அவ்வளவுதான் இருந்தது.